டொயோட்டாவா ஹூண்டாயா ஃபோர்டா: ஹைப்ரிட் ரேலி காலத்துல உண்மையா உள்ள இறங்குனது யாரு?

டபிள்யூஆர்சில, அதாங்க உலக ரேலி சாம்பியன்ஷிப்புல, ஹைப்ரிட் கார் ஓடுனது மொத்தமே மூணு சீசன் தான், 2022ல இருந்து 2024 வரைக்கும். யாரு பெஸ்ட்னு கேட்டா பாயின்ட்ஸ் டேபிளை காட்டிட்டு போயிடலாம், டொயோட்டா. ஆனா எந்த கம்பெனி எவ்வளவு மனசு வச்சு வந்துச்சுன்னு பாக்குறது தான் எனக்கு சுவாரஸ்யம், ஏன்னா ஹைப்ரிட் சாமான் மூணு பேருக்கும் ஒண்ணேதான். ஜெர்மனில காம்பாக்ட் டைனமிக்ஸ் செஞ்ச சீல் வச்ச பெட்டி, உள்ள 3.9 கிலோவாட் அவர் பேட்டரி, 100 கிலோவாட் மோட்டார், டீம் மெக்கானிக் யாரும் திறக்கக் கூடாது. 1.6 லிட்டர் டர்போ இன்ஜினோட சேந்தா 500 குதிரைத்திறனுக்கு மேல போகும், ஆனா பூஸ்ட் சும்மா கிடைக்காது, ஸ்டேஜ் (ரேலில தனித்தனியா டைம் எடுக்குற ஒவ்வொரு பகுதி) ஆரம்பத்துல ஒண்ணு, அப்புறம் பிரேக் புடிச்சு சார்ஜ் ஏத்துனா தான் அடுத்தது. இது போதாதுன்னு முன், பின் சக்கரத்துக்கு பவரை பிரிச்சுக் குடுக்குற சென்டர் டிஃபரன்ஷியலையும் தூக்கிட்டாங்க, ஸ்டியரிங் பின்னாடி இருந்த கியர் பேடிலையும் தூக்கிட்டு பழையபடி கை லிவர்ல 5 கியர்.

ஆக மூணு பேருக்கும் ஒரே மாதிரி பரீட்சை. ஆனா படிச்சுட்டு வந்தது ஒருத்தர் தான்.

டொயோட்டால முதலாளியே ரேலி பைத்தியம். அகியோ டொயோடா மொரிஸோன்னு வேற பேரு வச்சுகிட்டு அவரே கார் ஓட்டுவாரு. ஜிஆர் யாரிஸ்ங்கற ரோட்டு காரே ரேலிய மனசுல வச்சு பொறந்தது தான், வழக்கமா ரோட்டு காரை வச்சு ரேலி கார் செய்வாங்க, இங்க கதை தலைகீழ். பின்லாந்துல யுவாஸ்கிலா பக்கம் டீம், இன்ஜின் கொலோன்ல. 2022ல 13 ரேலில 7 இவங்களுக்கு, அதுல 6 அவங்க டிரைவர் ரோவன்பெரா மட்டுமே, 22 வயசு முடிஞ்ச மறுநாளே நியூசிலாந்துல உலக சாம்பியன். கென்யா சஃபாரில அந்த வருஷம் 1, 2, 3, 4 எல்லாமே டொயோட்டா, கல்லும் புழுதியும் கார் காரா தின்னுற ரேலி அது, நாலு காரும் முழுசா வந்துச்சுன்னா வீட்டுப்பாடம் எந்த அளவுக்கு செஞ்சிருக்காங்கன்னு பாத்துக்கோங்க.

ஹூண்டாய் வேற ரகம். காசு இருக்கு, ஆள் இருக்கு, முடிவு எடுக்க தான் நாளாகும். ஹைப்ரிட் காருக்கு லேட்டா தான் ஓகே சொன்னாங்க, சீசன் தொடங்க ஒரு மாசம் இருக்கும்போது 2021 டிசம்பர்ல டீம் தலைவர் அதாமோவும் கிளம்பிட்டாரு, 2022 முழுக்க நிரந்தர தலைவர் இல்லாமலே ஓட்டுனாங்க, புது தலைவர் அபிடபூல் வந்ததே 2023 ஜனவரில. இவ்வளவு குழப்பத்துலயும் அந்த வருஷம் 5 ரேலி ஜெயிச்சாங்க பாருங்க, அதுல கிரீஸ்ல 1, 2, 3. அதனால கார் மோசம்னு சொல்ல மாட்டேன். 2024ல அவங்க டிரைவர் நுவில் சாம்பியன், ஆனா டீம் பட்டம் ஜப்பான்ல கடைசி நாள்ல வெறும் 3 பாயின்ட்ல டொயோட்டாகிட்ட போச்சு, இன்னொரு ஹூண்டாய் டிரைவர் தனாக் லீடிங்ல இருந்துட்டு ஞாயித்துக்கிழமை காலைல போய் மோதிட்டாரு. இன்னொரு கூத்து, நுவில் பட்டம் வாங்குன அதே வருஷம் ரேலி காருக்கு பேரு குடுத்த ஐ20 என் ரோட்டு காரை ஐரோப்பால நிறுத்திட்டாங்க. கடைல இல்லாத காருக்கு விளம்பரம்!

ஃபோர்டு பத்தி பேசணும்னா முதல்ல எம்-ஸ்போர்ட் பத்தி தான் பேசணும். இங்கிலாந்துல கம்ப்ரியா பக்கம் மால்கம் வில்சன் ஆரம்பிச்ச கம்பெனி, ஃபோர்டு பேரும் கொஞ்சம் உதவியும் தரும், மிச்சத்தை இவங்களே கார் வித்து, காசு கொண்டு வர்ற டிரைவருக்கு சீட்டு குடுத்து சமாளிக்கணும். ஆனா ஹைப்ரிட் காலத்தோட முதல் வெற்றி இவங்களுது தான்! 2022 மான்டி கார்லோ, ஓட்டுனது 47 வயசு லோப், பக்கத்துல வழி சொல்ல கணக்கு டீச்சர் இசபெல் கால்மிஷ். கடைசிக்கு முந்தின ஸ்டேஜ்ல டொயோட்டா டிரைவர் ஓஜியேக்கு டயர் பஞ்சர், 10.5 செகண்ட்ல ஃபோர்டோட பூமா கார் ஜெயிச்சுது. (நம்ம மறைமலைநகர் ஃபோர்டு ஃபேக்டரில கடைசி கார் வெளிய வந்ததும் அதே 2022 தான், அந்த வெற்றிய பாத்து எனக்கு முழுசா சந்தோஷப்பட முடியல.) அதுக்கப்புறம் அந்த வருஷம் ஒண்ணும் இல்ல. 2023ல ஹூண்டாய்ல இருந்து தனாக் வந்தாரு, ஸ்வீடன், சிலி ரெண்டு ஜெயிச்சாரு, சீசன் முடிஞ்சதும் திரும்ப ஹூண்டாய்க்கே போயிட்டாரு. நல்ல டிரைவரை பிடிச்சு வச்சுக்க காசு வேணும்ல.

சரி, ஹைப்ரிட் பெட்டியாவது யாருக்காவது உதவுச்சா? ஊருக்குள்ள சத்தமே இல்லாம கரண்ட்ல போறத பாக்க விநோதமா இருக்கும், டயருக்கடில சரளைக்கல்லு நொறுங்குறது தான் கேக்கும். ஆனா கார்ல ஒரு லைட் இருக்கும், பச்சைனா தொடலாம், சிவப்புனா ஷாக் அடிக்கலாம், யாரும் கிட்ட போகக் கூடாது. 2022 ஸ்வீடன்ல இந்த லைட் பிரச்சனையால ஹூண்டாய் தனாக்கும் டொயோட்டா எவான்ஸும் காரை ஓரங்கட்ட வேண்டியதா போச்சு. பெரிய கம்பெனிங்கள இழுக்கத்தான் இதெல்லாம் கொண்டு வந்தாங்க, நாலாவதா ஒருத்தன் கூட வரல.

அப்புறம் ரூல் போடுற எஃப்ஐஏ பண்ணது தான் காமெடி. 2024 பிப்ரவரில ஹைப்ரிட்டை எடுக்கறோம்னாங்க, டீமுங்க திட்டம் போட்டாச்சு மாத்தாதீங்கன்னதும் ஜூன்ல அப்படியே இருக்கட்டும்னாங்க, நவம்பர்ல மறுபடி தூக்கிட்டாங்க. எடை 1260 கிலோல இருந்து 1180, இன்ஜினுக்கு காத்து போற ரெஸ்ட்ரிக்டர் 36 மில்லிமீட்டர்ல இருந்து 35.

பெட்டி போனதும் ஹூண்டாய்க்கு விடிவு வரும்னு நெனச்சேன். 2025ல 14 ரேலில 12 டொயோட்டா, ரெண்டே ரெண்டு ஹூண்டாய், ஃபோர்டுக்கு ஒண்ணும் இல்ல, பின்லாந்துல முதல் 5 இடமும் டொயோட்டா! ஹூண்டாய் காசு இப்ப அவங்களோட ஜெனிசிஸ் பிராண்டு பேர்ல லெ மான்ஸ் 24 மணி நேர ரேஸ் காருக்கு போகுது, ஃபோர்டு ரெட் புல்லோட எஃப்1 பக்கம் போயாச்சு. 2027ல புது ரூல், கார் விலைக்கு 345,000 யூரோ வரம்பு, எஞ்சின் பவர் 300 குதிரைத்திறன் அளவுல, கார் கம்பெனி இல்லாதவங்களும் கார் செய்யலாம். இது எம்-ஸ்போர்ட்டுக்குன்னே எழுதுன ரூல் மாதிரி இருக்கு, எனக்கு இப்போதைக்கு அவங்க மேல தான் கண்ணு.