ஸ்கிராப்புக்குப் போன கார் டோல்கேட்டைத் தாண்டுகிறது

போன மாதம் ஒரு ராத்திரி பத்தரை மணிக்கு மெசேஜ் வந்தது, வைகுந்தம் டோல்கேட்டில் என் ஃபாஸ்டேகில் இருந்து பணம் எடுத்திருக்கிறார்கள். அந்த ஃபாஸ்டேக் ஒட்டியிருந்தது என் 2006 மாடல் மாருதி 800இல். மூன்று வாரம் முன்பே அதை ஸ்கிராப்புக்குக் கொடுத்து, நசுக்கியாச்சு என்று கையில் சீல் குத்திய தாளும் வாங்கியிருந்தேன்.

ஆர்சி புதுப்பிக்க வேண்டிய நேரம் அது. 20 வருஷம் தாண்டிய காருக்கு அந்தக் கட்டணம் 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாய் ஆகிவிட்டதால் யோசித்துக்கொண்டிருந்தேன். சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு புரோக்கர், "15 வருஷம் தாண்டினாலே வண்டியைப் பிடிச்சுடுவாங்கண்ணா, ஆர்டிஓ ஆபீஸுக்கெல்லாம் நீங்க அலைய வேண்டாம், கவர்மென்ட் சர்டிபிகேட் நாங்களே வாங்கித் தர்றோம்" என்றார். அது பொய். வயதை வைத்துத் தடுப்பதெல்லாம் டெல்லி வட்டாரத்தில்தான், இங்கே சொந்த வண்டி தகுதிச் சோதனையில் தேறிப் புதுப்பித்தால் ஓட்டலாம். தெரியாமல் 18,000 ரொக்கத்துக்கு ஒரிஜினல் ஆர்சி, சாவி எல்லாம் கொடுத்துவிட்டேன். அப்பாவை உட்கார வைத்து ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிய வண்டி அது.

புது கார் ஷோரூமில் அந்தத் தாளை நீட்டினால், செல்லாது, வண்டியை ஸ்கிராப்புக்கு ஒப்படைத்ததற்கான டெபாசிட் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். அதை அரசிடம் பதிவு பெற்ற ஸ்கிராப் மையம் மட்டும்தான் ஆன்லைனில் தர முடியும். அது இருந்தால் புது வண்டிக்குப் பதிவுக் கட்டணம் கிடையாது, சாலை வரியில் சொந்த வண்டிக்கு 25 சதவீதம் வரை சலுகைக்கும் மத்திய அரசின் 2021 விதியில் இடம் இருக்கிறது. புரோக்கரோ காயலாங்கடையோ தரும் எந்தத் தாளுக்கும் அந்த மதிப்பு இல்லை.

அப்புறம் மத்திய அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாகனில் பார்த்தேன், ஆர்சி ரத்தாகவே இல்லை, என் பெயரில்தான் இருக்கிறது. இன்சூரன்ஸும் முடிந்த வண்டி யார் மேலாவது மோதினால் நஷ்டஈடு என் தலையில், பதிவில் பெயர் இருப்பவரே பொறுப்பு என்று 2018இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதை நினைத்தால் தூக்கம் வருவதில்லை. தயவுசெய்து மையத்துக்கு நீங்களே வண்டியைக் கொண்டுபோங்கள், பணத்தை வங்கிக் கணக்கில் வாங்குங்கள், ஆர்சி ரத்தானதைத் தளத்தில் கண்ணால் பாருங்கள்.

புரோக்கர் போன் சுவிட்ச் ஆஃப். போலீசில் மனு கொடுத்து சிஎஸ்ஆர் (மனு ரசீது) வாங்கியிருக்கிறேன், ஆர்டிஓவிடமும் எழுதிக் கொடுத்தாயிற்று. வெள்ளை கார், பின் கண்ணாடியில் வேல் ஸ்டிக்கர். சங்ககிரி, மகுடஞ்சாவடி பக்கம் பார்த்தால் சொல்லுங்கள்.