அமிகா 500: 11 வருடமும் ஒரு டிரைவ் சத்தமும்

போன வாரம் நண்பர் ஒருவர் ஒரு விளம்பரத்தை அனுப்பினார். கமடோர் கம்பெனியின் பழைய வீட்டுக் கணினி அமிகா 500, 1 எம்பி மெமரி, மவுஸ், ஒரு அட்டைப்பெட்டி நிறைய ஃபிளாப்பி. விலையில் 40 யூரோ குறைத்திருக்கிறார்கள். "என்னப்பா, இது நிஜமாவே ஒரே நேரத்துல நாலஞ்சு புரோகிராம் ஓட்டுமா, இல்ல சும்மா சொல்றாங்களா? வாங்கலாமா?" என்று கேட்டார். என் அமிகா ரிப்பேருக்குப் போய்த் திரும்பி வந்த வாரத்தில் போய் இதைக் கேட்டிருக்க வேண்டாம். கேட்டுவிட்டார், எழுதுகிறேன்.

என்னுடையது ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக்கில் வேலைக்கு வந்த புதிதில் பழைய சாமான் சந்தையில் வாங்கியது. கமடோரின் தொழிற்சாலை இந்த ஊரில்தான் இருந்தது என்பது அப்புறம்தான் தெரியும். 11 வருடம் ஆகிறது. காட்சிப் பொருளாக வைத்திருக்கவில்லை. வாரத்தில் இரண்டு மூன்று மாலைகளாவது ஓடும்.

அடிப்படை விவரங்களை அடுக்கப் போவதில்லை. 1987-இல் வந்த மாடல், மோட்டரோலா 68000 பிராசசர், ஐரோப்பியப் பெட்டியில் 7.09 மெகாஹெர்ட்ஸ், ஃபைல்களும் ஜன்னல்களும் தெரியும் வொர்க்பெஞ்ச் என்ற மேசைத்திரையின் 1.3 பதிப்பு. அடிப்பக்க மூடியைத் திறந்து செருகிய 512 கேபியையும் சேர்த்து 1 எம்பி. ஹார்ட் டிஸ்க் கிடையாது. ஃபிளாப்பி டிரைவ் ஒன்றே ஒன்று. என் புலம்பல் முழுக்க அந்த ஒன்றைப் பற்றித்தான்.

முதல் கேள்விக்குப் பதில்: ஆமாம், நிஜமாகவே ஓட்டும். பேச்சுக்குச் சொல்வதில்லை. என் வழக்கமான மாலையில் படம் வரையும் டீலக்ஸ் பெயின்ட் ஒரு திரையில் இருக்கும். பின்னால் வொர்க்பெஞ்சில் எடிட்டர் திறந்திருக்கும். ஒரு சின்ன பிளேயர் பாட்டு வாசித்துக்கொண்டிருக்கும். கட்டளை தட்டும் சிஎல்ஐ ஜன்னலில், சுருக்கிக் கட்டிய ஃபைல்களைப் பிரிக்கும் எல்எச்ஏ ஏதாவது ஒரு மூட்டையை, மெமரியையே டிஸ்க்காகப் பயன்படுத்தும் ராம் டிஸ்க்கில் பிரித்துப் போட்டுக்கொண்டிருக்கும். இத்தனைக்கும் நடுவில் மவுஸை அசைத்தால் அம்பு வழுக்கிக்கொண்டு போகும். உள்ளீட்டைக் கவனிக்கும் டாஸ்க்குக்கு முன்னுரிமை 20, சாதாரண புரோகிராம்களுக்கு 0. அதனால் யார் எந்த வேலையில் மூழ்கியிருந்தாலும் மவுஸுக்கு முதல் மரியாதை. இன்றைய லேப்டாப்பில் ஒரு பிரவுசர் டேப் மூச்சுத் திணறும்போது அம்பு உறைந்து நிற்பதைப் பார்த்தால் எனக்கு இந்தப் பெட்டிதான் ஞாபகம் வரும்.

இதற்குக் காரணம் கார்ல் சாசன்ராத் எழுதிய எக்ஸெக் என்ற இயங்குதளக் கரு; யாருக்கு எப்போது பிராசசர் என்று முடிவு செய்வது அதுதான். ஆப்பிள் மேக்கில் பல புரோகிராம் ஓட்ட 1987-இல் வந்த மல்டிஃபைண்டரும், 1990-இன் விண்டோஸ் 3.0-இல் விண்டோஸ் புரோகிராம்களும், ஓடுகிறவர் தானாக எழுந்து இடம் விட்டால்தான் அடுத்தவர் உட்கார முடியும் என்ற கணக்கில் நடந்தவை. எக்ஸெக் அப்படி இல்லை. நேரம் முடிந்தால் கையைப் பிடித்து எழுப்பிவிடும். 1985-இல் அமிகா 1000 வந்த நாளிலிருந்தே அப்படித்தான். அந்தப் பெட்டியில் 256 கேபிதான் மெமரி என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

இதெல்லாம் எல்லோரும் எழுதுவதுதான். எனக்குக் கிடைத்த தனிச் சந்தோஷம் ஒன்று உண்டு, அதைச் சொல்லாமல் திட்ட ஆரம்பித்தால் பாவம். அமிகாவில் ஒவ்வொரு புரோகிராமும் தனக்கென்று ஒரு திரையைத் திறக்கலாம். அதன் தலைப்புப் பட்டையைப் பிடித்துக் கடைச் ஷட்டரை இறக்குவதுபோலக் கீழே இழுத்தால், மேலே பின்னாலிருக்கும் திரை தெரியும். முன்னது 16 வண்ணம், பின்னது 4 வண்ணம்; இரண்டும் ஒரே மானிட்டரில், நடுவில் மெல்லிய ஒரு கறுப்புக் கோடு. மானிட்டரில் படம் வரையும் எலக்ட்ரான் கற்றை எந்த வரியில் இருக்கிறது என்று பார்த்து, அந்த வரி வந்ததும் வண்ணங்களையும் அகலத்தையும் மாற்றிவிடும் காப்பர் என்ற குட்டித் துணைப் பிராசசரின் வேலை இது.

சந்தோஷம் அதிலும் இல்லை. டீலக்ஸ் பெயின்ட் திரையை நான் 640-க்கு 256, 16 வண்ணத்தில் வைப்பேன். அந்தப் படத்துக்கு மட்டும் 80 கேபி. காட்சிச் சில்லுகள் அதை நொடிக்கு 50 முறை மெமரியிலிருந்து எடுக்கின்றன. கற்றை படத்தை வரைந்துகொண்டிருக்கும் நேரம் முழுக்க, அந்த மெமரியைத் தொட பிராசசருக்கு முறையே வராது. வரிக்கு வரி உள்ள இடைவெளியிலும் மேலே கீழே உள்ள ஓரத்திலும்தான் அதன் வேலை. அடியில் செருகிய 512 கேபியும் அதே பாதையில் தொங்குவதால் தப்பிக்க வழியில்லை. 4 வண்ண வொர்க்பெஞ்சுக்கு இந்த நெருக்கடி இல்லை. ஆக, படத்திரையைக் கீழே இறக்க இறக்கப் பின்னால் எல்எச்ஏ வேகம் எடுக்கிறது! பாதி இறக்கினால் ஒரு வேகம், முக்கால் இறக்கினால் இன்னொரு வேகம். ஃபைல் பெயர்கள் ஒவ்வொன்றாக விழும் தாளத்திலேயே தெரியும். முதலில் பிரமை என்று நினைத்தேன். பிறகு பல மாலைகள் திரையை ஏற்றி இறக்கி அதையே வேடிக்கை பார்த்தேன். வீட்டில் கேட்டதற்கு, வரைகிறேன் என்று சொல்லிவைத்தேன்.

இப்போது டிரைவுக்கு வருகிறேன்.

பிராசசரைப் பங்கு போடலாம், மெமரியைப் பங்கு போடலாம், திரையைக்கூடப் பங்கு போடலாம். ஃபிளாப்பி டிரைவின் தலை ஒன்றுதான், அது ஒரு நேரத்தில் ஒரு இடத்தில்தான் நிற்கும். ஒரே டிஸ்க்கிலிருந்து எடிட்டரையும் பிளேயரையும் ஒன்றன்பின் ஒன்றாக டபுள் கிளிக் செய்து பாருங்கள். தனித்தனியாக ஏற்றினால் டிரைவ் 'டிக், டிக், டிக்' என்று ஒழுங்காக டிராக் டிராக்காக நகரும். இரண்டையும் சேர்த்துக் கேட்டால் 'கறக் கறக் கறக் கறக்' என்று தலை இங்கும் அங்கும் ஓடும். ஒன்றை முடித்துவிட்டு மற்றதைத் தொடும் புத்தி அதற்குக் கிடையாது. இவருக்கு ஒரு வாய், அவருக்கு ஒரு வாய் என்று ஊட்டும்.

அந்த ஒரு வாயின் கணக்கைக் கேளுங்கள். அமிகா டிஸ்க்கில் ஒரு டிராக்குக்கு 11 செக்டார், ஒவ்வொன்றும் 512 பைட். எதைக் கேட்டாலும் டிரைவ் முழு டிராக்கையும் வாசித்துத்தான் ஆக வேண்டும். டிஸ்க் நொடிக்கு 5 சுற்று, அதனால் ஒரு வாசிப்புக்குக் குறைந்தது ஐந்தில் ஒரு நொடி. பொறுமையாக ஒரு ஃபைலை மட்டும் வாசித்தால் இது லாபம், மிச்ச செக்டார்கள் அடுத்த கேள்விக்குக் கையில் இருக்கும். இரண்டு பேர் மாறி மாறிக் கேட்டால்? கையில் ஒரு டிராக்குக்குத்தான் இடம். எடிட்டருக்கு வாசித்ததைக் கொட்டிவிட்டு பிளேயருக்கு வாசி, அதையும் கொட்டிவிட்டு மறுபடி எடிட்டருக்கு. ஒரு செக்டாரில் உருப்படியான டேட்டா 488 பைட். அதற்காக 5.5 கேபியை வாசித்து வீசுகிறோம். இலைக்கு ஒரு கரண்டி சோறு போட ஒவ்வொரு தடவையும் புதிதாக உலை வைப்பதுபோல. இரண்டையும் வரிசையாக ஏற்றுவதைவிடச் சேர்த்து ஏற்ற அதிக நேரம் ஆகும் என்பதை ஆரம்பத்தில் நான் நம்பவே இல்லை.

டிஸ்க் வேறு வேறாக இருந்தால் கதை இன்னும் மோசம். ஒரு புரோகிராம் தன் டிஸ்க்கைப் போடச் சொல்லும். போட்டால் வொர்க்பெஞ்ச் தன்னுடையதைக் கேட்கும். 'டைரக்டரி என்ன இருக்கிறது' என்று பார்க்கும் அந்த அற்பக் கட்டளைகூட வொர்க்பெஞ்ச் டிஸ்க்கில்தான் இருக்கிறது. பல்பணி செய்வது பெட்டியா, டிஸ்க்கை மாற்றிக்கொண்டே உட்கார்ந்திருக்கும் நானா என்று சந்தேகம் வரும்.

வழிகள் இருக்கின்றன, சொல்லிவிடுகிறேன். அடிக்கடி வேண்டிய கட்டளைகளை ஆரம்பத்திலேயே ராம் டிஸ்க்கில் போட்டுவிடுங்கள், அல்லது மெமரியிலேயே தங்கும்படி ரெசிடென்ட் ஆக்கிவிடுங்கள். ஆட்பஃபர்ஸ் கட்டளையில், வாசித்ததை மெமரியில் வைத்துக்கொள்ள டிரைவுக்கு 30 பஃபர் கொடுங்கள், 15 கேபிக்குக் கொஞ்சம் மேலே போகும், கொடுத்ததற்குப் பலன் உண்டு. முக்கியமாக, கையைக் கட்டிக்கொள்ளுங்கள். ஒன்று ஏறி முடிக்கும் வரை அடுத்ததைத் தொடாதீர்கள். 11 வருடத்தில் நான் கற்ற பெரிய வித்தை அதுதான்: டிரைவ் பேசும்போது நான் பேசுவதில்லை.

போன மாதம் டிரைவ் வாசிக்க அடம்பிடிக்க ஆரம்பித்தது. பழைய கணினிகளைப் பழுதுபார்க்கும் ஒருவரிடம் கொடுத்தேன். தலையைச் சுத்தம் செய்து, எண்ணெய் போட்டுத் தரச் சொன்னேன். இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்தபோது டிரைவைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்துவிட்டு, அந்த இடத்தில் கோடெக் மாட்டியிருந்தார். யூஎஸ்பி குச்சியில் நூற்றுக்கணக்கான டிஸ்க்குகளை வைத்துக்கொண்டு, நான்தான் ஃபிளாப்பி டிரைவ் என்று கணினியை நம்பவைக்கும் சாதனம். "இனிமேல் உங்களுக்குத் தொல்லையே இல்லை" என்றார். நல்ல எண்ணத்தில்தான் செய்திருக்கிறார், பில்லிலும் அநியாயம் இல்லை. ஆனால் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

நியாயமாகப் பேசினால் கோடெக் நல்ல பொருள். பூஞ்சை பிடித்த டிஸ்க் பயம் போயிற்று, மாற்றுவதற்கு ஒரு பட்டனை அழுத்தினால் போதும். ஆனால் வேகம்? டிரைவ் எப்படிச் சுற்றுமோ அப்படியே சுற்றுவதாகப் பாவனை செய்வதால், இரண்டு புரோகிராம் சேர்ந்து கேட்டால் அதே இழுபறிதான். ஒரே வித்தியாசம், இப்போது சத்தம் இல்லை.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். இத்தனை வருடமும் நான் சபித்துக்கொண்டிருந்த அந்தக் 'கறக் கறக்' எனக்கு என்னவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது என்று அது நின்றபிறகுதான் புரிந்தது. ஒரே சீராக 'டிக்' என்றால் ஒரே ஆள் வாசிக்கிறார். கறகறத்தால் இரண்டு பேர் சண்டை. நீளமான ஒரு 'டுர்ர்', அப்புறம் மௌனம் என்றால் ஃபைல் முழுதாக எழுதி முடிந்தது, டிஸ்க்கை எடுக்கலாம். இரண்டு நொடிக்கு ஒரு தரம் மெல்ல ஒரு 'கடக்' என்றால் டிரைவ் காலியாக இருக்கிறது. எந்தத் திரையையும் பார்க்காமல், பெட்டிக்குள் யார் யார் என்ன செய்கிறார்கள் என்பது காதாலேயே தெரிந்துவிடும். பல்பணிப் பெட்டிக்கு இதைவிட நல்ல மீட்டர் கிடையாது.

போன வியாழன் டீலக்ஸ் பெயின்ட்டில் ஒரு படத்தைச் சேமிக்கச் சொல்லிவிட்டு, திரையை இறக்கி எடிட்டருக்குப் போனேன். வேறு டிஸ்க்கிலிருந்த ஒரு குறிப்பு வேண்டியிருந்தது. பெட்டி அமைதியாக இருந்தது. அமைதி என்றால் முடிந்தது என்று என் கை 11 வருடமாகப் பழகியிருக்கிறது. பட்டனை அழுத்தினேன். எழுதிக்கொண்டிருந்த டிஸ்க்கைக் கண்டிப்பாகத் திரும்பப் போட்டே ஆக வேண்டும் என்று மூன்று ஆச்சரியக்குறியுடன் ஒரு பெட்டிச் செய்தி வந்தது. போட்டேன். அந்த டிஸ்க்கை அதற்குப்பின் பெட்டி சரிபார்த்து ஏற்கவே இல்லை. மூன்று மாலையின் படம் போயிற்று. டிரைவ் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்திருக்கும், பார்க்காதது என் தப்பு. தப்பு என்று தெரிந்தாலும் கோபம் போகவில்லை.

பெட்டி மொத்தமாகச் செயலிழக்கும்போது வரும் குரு மெடிட்டேஷன் செய்தி பற்றி நண்பர் தனியாகக் கேட்டிருந்தார். வரும். பவர் விளக்கு கண் சிமிட்டும், கறுப்பில் சிவப்புக் கட்டம் மினுக்கும், எல்லாம் முடிந்தது. புரோகிராம்களுக்கு நடுவே சுவர் கிடையாது. ஒருவர் கால் நீட்டினால் அடுத்தவர் தட்டில் படும். ஒருவருக்கொருவர் செய்தி அனுப்பும்போது நகல் எடுக்காமல் 'அங்கே இருக்கிறது, பார்த்துக்கொள்' என்று முகவரியை மட்டும் கொடுப்பதால்தான் இவ்வளவு சின்னப் பெட்டி இவ்வளவு சுறுசுறுப்பாக இருக்கிறது, அதனால்தான் இந்த ஆபத்தும். அமிகாக்காரர்கள் ஆரம்ப நாளில் ஜாய்போர்டு என்ற பலகை ஒன்றை விற்றார்கள். அதன்மேல் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்து பார்க்கும் விளையாட்டிலிருந்துதான் இந்தப் பெயர் வந்தது. எனக்கு மாதத்துக்கு ஒரு தரம் தரிசனம் கிடைக்கும். அடிக்கடி சேமித்துக்கொண்டால் பெரிய நஷ்டம் இல்லை. சேமிப்பது டிரைவில். டிரைவ் பற்றிச் சொல்லிவிட்டேன்.

ஆக, என் தீர்ப்பு: வாங்காதீர்கள். 40 யூரோ என்ன, 80 யூரோ குறைத்தாலும் வேண்டாம். ஒரே நேரத்தில் பல புரோகிராம் ஓட்டும் பெட்டிக்கு ஒரே டிரைவ் என்பது, நாலு அடுப்புக்கு ஒரு கரண்டி. இரண்டாவது டிரைவ், கூடுதல் மெமரி, ஹார்ட் டிஸ்க் என்று நீங்கள் செலவழித்துக்கொண்டே போவீர்கள். உங்கள் வீட்டில் என்னைத் திட்டுவார்கள்.

இதை எழுதி அனுப்பிவிட்டுச் சனிக்கிழமை காலை அந்தப் பிளாஸ்டிக் பையைத் திறந்தேன். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துத் தலையைத் துடைத்தேன். பழுப்பாக ஒரு படலம் வந்தது, அவ்வளவுதான் அதன் வியாதி. கோடெக்கைக் கழற்றி டிரைவை மாட்டினேன். வொர்க்பெஞ்ச் வந்ததும் வேண்டுமென்றே எடிட்டரையும் பிளேயரையும் ஒன்றாகத் தட்டினேன். கறக் கறக் கறக் கறக். காபி போட்டு எடுத்து வந்து உட்கார்ந்தபோதும் முடிந்திருக்கவில்லை.