பழைய வீட்டை விற்றுப் பெரிய வீட்டுக்கு மாற: எந்தச் சேவைக்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்?

பெரிய வீட்டுக்கு மாறப்போகிறோம் என்று ஒரு குடும்பம் வாயைத் திறந்தால் போதும், புரோக்கர், பிரிட்ஜ் லோன் (இடைக்காலக் கடன்) தரும் வங்கி, "நாங்களே வாங்கிக்கொள்கிறோம்" என்கிற நிறுவனம், வீட்டைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டர், சாமான்களைக் கட்டி ஏற்றும் பேக்கர்ஸ், கோடவுன்காரர் என்று வரிசையாக வந்து நிற்பார்கள். ஒவ்வொருவர் சரக்கும் வேறு வேறு மாதிரி தெரியும். விற்பவரும் வாங்குபவரும் ஒரே ஆளாக இருக்கிற உங்களுக்கு இவர்களில் பெரும்பாலோர் விற்பது அவகாசம். பழைய வீட்டுப் பணம் கைக்கு வரும் நாளும், புதிய வீட்டுக்குப் பணம் கட்டவேண்டிய நாளும் தானாகச் சேர்ந்து அமைவது அபூர்வம். அந்த இடைவெளியை யார் எத்தனை நாளைக்கு, என்ன விலையில் அடைக்கிறார்கள் என்று பார்த்துத்தான் இங்கே மதிப்பிட்டிருக்கிறது.

அதற்குமுன் ஒரு கணக்கு. பழைய வீடு 60, புதிய வீடு 100 (லட்சத்தில்) என்று வைத்துக்கொண்டால் நீங்கள் புரட்டவேண்டியது 40. சந்தை 10 சதவீதம் இறங்கினால் 54-ம் 90-ம் ஆகும், வித்தியாசம் 36. அதே அளவு ஏறினால் 66, 110, வித்தியாசம் 44. பெரிய வீட்டுக்கு மாறுகிறவருக்கு மந்தமான சந்தைதான் சாதகம். "போன வருஷம் பக்கத்து வீடு இவ்வளவுக்குப் போச்சே" என்று பழைய விலையைப் பிடித்துக்கொண்டு ஆறு மாதம் உட்காருவது இவருக்குத்தான் அதிக நஷ்டம். ஒரு விதிவிலக்கு உண்டு. பழைய வீட்டின் மேல் கடன் நிறைய பாக்கியிருந்தால், இறங்கிய தொகை முழுவதும் உங்கள் சொந்தப் பங்கிலிருந்துதான் போகும். 60-ல் 45 கடன் என்றால் கையில் நிற்பது 15. விலை 54 ஆனால் அது 9. புதிய கடனுக்கு முன்பணம் போதாமல் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள்.

புரோக்கரை எடுத்துக்கொள்வோம். மாறும் தேதி நெருக்கடியாக இருந்தால் நாலு பேரிடம் சொல்லிவைப்பதைவிட ஒருவரிடம் மட்டும் எழுதிக்கொடுப்பது நல்லது. நாலு விளம்பரத்தில் நாலு விலை இருந்தால், வாங்க வருகிறவர் குறைந்ததைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்து பேரத்தை ஆரம்பிப்பார். அச்சடித்த படிவத்தில் ஒப்பந்தக் காலம் 90 நாள், ஆறு மாதம் என்று இருந்தாலும் 60 என்று திருத்தச் சொல்லுங்கள். காலம் முடிந்த பிறகும், அவர் கூட்டிவந்த ஆள் வாங்கினால் கமிஷன் உண்டு என்று ஒரு ஷரத்து கடைசிப் பக்கத்தில் இருக்கும். அது நியாயமானதுதான். ஆனால் யார் யாரைக் கூட்டிவந்தார் என்ற பெயர்ப் பட்டியலை ஒப்பந்தம் முடியும் அன்றே எழுத்தில் வாங்காவிட்டால், பின்னால் தானாக வந்த ஆளும் அவர் கணக்கில் ஏறிவிடுவார்.

"கொஞ்சம் இறக்கிக் கொடுத்துடுங்க" என்று புரோக்கர் சொல்வதைப் புரிந்துகொள்ள அவருடைய கணக்கைப் போட்டுப் பார்க்கவேண்டும். 2 சதவீதக் கமிஷனில் வீடு 60-க்குப் போனால் அவருக்கு 1.2, 57-க்குப் போனால் 1.14. உங்களுக்கு 3 போகிறது, அவருக்குப் போவது 0.06. சீக்கிரம் முடித்துவிட்டு அடுத்த வீட்டைப் பார்ப்பதுதான் அவருக்கு லாபம். கமிஷனை இரண்டு படியாகப் பேசினால் இது மாறும்: 57 வரை 1.5 சதவீதம், அதற்குமேல் வரும் தொகையில் 10 சதவீதம். 60-க்கு முடித்தால் அவருக்கு 1.155, அதாவது ஏறக்குறைய பழைய தொகையேதான். 57-க்கு இறக்கினால் 0.855. இதற்கு ஒத்துக்கொள்கிறவர் தான் சொன்ன விலையைத் தானே நம்புகிறார் என்று அர்த்தம். ஒத்துக்கொள்ளாதவர் வீட்டைப் பிடிப்பதற்காக ஏற்றிச் சொல்லியிருக்கலாம்.

புதிய வீட்டையும் அதே புரோக்கர் மூலம் வாங்கலாமா? இரண்டு தேதியையும் ஒரே ஆள் பார்த்துக்கொள்வது வசதிதான். அவர் அந்த வீட்டை விற்பவரிடமும் கமிஷன் வாங்குகிறார் என்றால் வேண்டாம்.

அடுத்து பிரிட்ஜ் லோன். பழைய வீடு விற்கும்முன் புதியதை வாங்கப் பழைய வீட்டின் மேல் தரும் குறுகிய காலக் கடன். வங்கிகள் இதைப் பெரிய வரம்போலப் பேசும். வட்டி சாதாரண வீட்டுக் கடனைவிட அதிகம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. உண்மையான செலவு எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்க்கவேண்டும். பழைய வீடு 60, அதில் பாக்கிக் கடன் 15. வங்கி மதிப்பில் 70 சதவீதம் வரை தரும் என்றால் 42. அதில் பாக்கி 15 போக 27 கிடைக்கும். மாதம் 1 சதவீத வட்டியில் ஆறு மாதத்துக்கு 1.62. நடைமுறைக் கட்டணம் 2 சதவீதம் என்றால் 0.54. மொத்தம் 2.16. இது பழைய வீட்டின் விலையில் 3.6 சதவீதம். அதாவது இன்றைக்கே 58-க்கு ஒருவர் வாங்கத் தயாராக இருந்தால், 60-க்காகக் கடன் வாங்கிக் காத்திருப்பது தண்டம். இந்தக் கணக்கில் பழைய வீட்டின் மாதத் தவணையையும் புதிய வீட்டின் தவணையையும் இன்னும் சேர்க்கவே இல்லை; மூன்றும் ஒரே மாதத்தில் வந்து நிற்கும்.

இந்தக் கடனில் இரண்டு வகை. விற்பனை ஒப்பந்தம் கையெழுத்தாகி, முடியும் தேதியும் தெரிந்தபின் வாங்குவது ஒன்று. வாங்குபவரே இன்னும் கிடைக்காத நிலையில் வாங்குவது இன்னொன்று. முன்னதை, இரண்டு மூன்று வார இடைவெளியை அடைப்பதற்கு, தாராளமாகப் பரிந்துரைக்கலாம். பின்னதை வேறு வழியே இல்லாவிட்டால் மட்டும். இரண்டிலும் கையெழுத்துக்குமுன் கேட்கவேண்டிய கேள்வி: குறைந்தபட்ச வட்டி எத்தனை மாதத்துக்கு? மூன்று மாத வட்டி கட்டாயம் என்று எழுதியிருந்தால், மூன்றே வாரத்தில் திருப்பிக் கட்டினாலும் மூன்று மாதத்துக்கு அழவேண்டும்.

இந்தச் சேவைகளிலேயே மலிவானதை யாரும் விளம்பரம் செய்வதில்லை, ஏனென்றால் அதில் யாருக்கும் கமிஷன் கிடையாது. வீட்டை விற்றுப் பணத்தை முழுதாக வாங்கிக்கொண்டு, வாங்கியவரிடமே 30 முதல் 60 நாள் வாடகைக்கு இருப்பது. பணம் கையில் இருக்கும், பேரத்தில் கை ஓங்கும், சாமான்களையும் ஒரே தடவைதான் தூக்கவேண்டும். வாங்குபவருக்குக் கட்டும் வாடகை, பிரிட்ஜ் லோன் வட்டியோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் சொற்பம். காலிசெய்யும் தேதி, அதைத் தாண்டினால் ஒரு நாளுக்கு எவ்வளவு அபராதம், வாடகை, பிடித்துவைக்கும் வைப்புத்தொகை, பைப் உடைந்தால் யார் செலவு என்பதெல்லாம் விற்பனை ஒப்பந்தத்திலேயே இடம்பெறவேண்டும். விற்ற நாளிலிருந்து கட்டடக் காப்பீடு வாங்கியவர் பொறுப்பு, உள்ளே இருக்கும் சாமான்களுக்கு நீங்கள் பொறுப்பு. வாங்குபவர் தானும் வாடகை வீட்டைக் காலிசெய்யவேண்டியவர் என்றால் இது நடக்காது. அதனால் இரண்டு பேர் ஏறக்குறைய ஒரே விலை சொன்னால், அவசரமில்லாதவரைத் தேர்ந்தெடுங்கள்.

இதன் மறுபக்கம், "என் வீடு விற்றால்தான் உங்கள் வீட்டை வாங்குவேன்" என்ற நிபந்தனையோடு விலை பேசுவது. விற்பவர் ஒப்புக்கொண்டாலும் 48 அல்லது 72 மணி நேர விலக்கு ஷரத்தைக் கேட்பார். வேறு ஆள் வந்தால் அந்த நேரத்துக்குள் நிபந்தனையைக் கைவிடவேண்டும், இல்லையென்றால் விலகவேண்டும். விறுவிறுப்பான சந்தையில் இந்த நிபந்தனையோடு போவது வீண்.

உடனே பணம் தந்து வாங்கிக்கொள்ளும் நிறுவனங்கள்: முதலில் சொல்லும் விலையை நம்பவேண்டாம். நேரில் சோதித்தபின் பழுதுபார்க்கும் செலவு என்று ஒரு பட்டியல் வரும், அதைக் கழித்தபின் நிற்பதுதான் விலை. கணினி போடும் மதிப்பீட்டுக்கு எல்லை உண்டு. 2018-ல் இந்தத் தொழிலில் இறங்கிய அமெரிக்காவின் ஜில்லோ நிறுவனம், வீட்டு விலையைக் கணிப்பது நினைத்ததைவிட நிச்சயமில்லாதது என்று சொல்லி 2021 நவம்பரில் அந்தப் பிரிவை மூடுவதாக அறிவித்தது. மேலே போட்ட 3.6 சதவீதக் கணக்கையே இங்கும் அளவாக வைக்கலாம்: பட்டியல் கழித்தபின்னும் சந்தை விலையைவிட 4 சதவீதத்துக்குமேல் குறையாமல் கொடுத்தால் யோசிக்கலாம். பெரும்பாலும் கொடுக்கமாட்டார்கள்.

இன்ஸ்பெக்டருக்குக் கொடுக்கும் காசு இந்தப் பட்டியலிலேயே மிக நல்ல செலவு. ஆனால் அவர் சுவரை உடைத்துப் பார்க்கமாட்டார், கழிவுக் குழாய்க்குள் கேமரா விடுவதற்குத் தனிக் கட்டணம். பெரிய வீடு என்றால் அந்தத் தனிக் கட்டணத்தைக் கொடுத்துவிடுங்கள். குளியலறைகள் அதிகம், குழாய் நீளம் அதிகம், அடைப்பும் வேர் ஏறுவதும் அதற்கேற்ப அதிகம். இரண்டு குளியலறையிலும் ஒரே நேரத்தில் ஷவரைத் திறந்து, சமையலறைக் குழாயையும் திறந்து நீரழுத்தம் எவ்வளவு இறங்குகிறது என்று அவர் முன்னாலேயே பாருங்கள். மின் இணைப்பின் அனுமதிக்கப்பட்ட லோடு எத்தனை கிலோவாட் என்று கேளுங்கள். நாலு ஏசி ஓடவேண்டிய வீட்டில் பழைய சிறிய இணைப்பே இருந்தால் அதை உயர்த்தும் செலவு பேரத்தில் கழியவேண்டும். அறிக்கையில் "ஈரம்" என்று மட்டும் எழுதினால் போதாது. ஈரமானி காட்டிய அளவும், எந்தச் சுவரில் எந்த உயரத்தில் என்பதும் வேண்டும். தரையை ஒட்டி இருந்தால் பெரும்பாலும் நிலத்திலிருந்து ஏறுகிறது, மேலே இருந்தால் பெரும்பாலும் கூரை அல்லது மேல்தளக் குழாய்.

பேக்கர்ஸ் விஷயத்தில் ஏமாற்றம் ஆரம்பிப்பது போனில் சொல்லும் விலையில். நேரிலோ வீடியோவிலோ எல்லா அறையையும், பரணையும், அலமாரியின் உள்ளேயும் பார்க்காமல் சொல்லும் எந்த விலையும் லாரி ஏற்றும் நாளில் மாறும். மூன்று படுக்கையறை வீட்டுச் சாமான்கள் சுமார் 30 முதல் 45 கன மீட்டர் வரும். 20 அடி கன்டெய்னரின் உள்ளளவு சுமார் 33. சாமான்கள் செங்கல்போல இடைவெளியில்லாமல் அடங்காது என்பதால் 28-லேயே நிரம்பிவிடும். எனவே கன அளவைக் குறிப்பிட்ட, உறுதியான ஒரே விலையை எழுத்தில் கேளுங்கள். லாரி காத்திருந்தால் மணிக்கு எவ்வளவு என்பதும் அதில் இருக்கவேண்டும்; பணம் வங்கியில் ஏறச் சாயங்காலம் ஆகி, சாவி கைக்கு வராமல் லாரி வாசலில் நிற்பது மிகச் சாதாரணம். மாதக் கடைசியையும் வெள்ளிக்கிழமையையும் தவிருங்கள். வாரக் கடைசிக்கு முன் ஒரு கையெழுத்து தவறினால் திங்கள்வரை ஒன்றும் நகராது.

நல்ல ஆட்களா என்பது புத்தகப் பெட்டியைப் பார்த்தாலே தெரியும். 40×30×30 சென்டிமீட்டர் பெட்டியில் புத்தகம் நிரப்பினாலே 20 கிலோவைத் தொட்டுவிடும். அதைவிடப் பெரிய பெட்டியில் புத்தகம் போடுகிறவர் அடி பிய்ந்து கொட்டப்போவதை அறியாதவர். தட்டுகளைப் படுக்கவைக்காமல் விளிம்பில் நிறுத்தி அடுக்கவேண்டும். டிவியைச் சாய்க்கவே கூடாது. ஏசியைக் கழற்றுமுன் கேஸை வெளி யூனிட்டுக்குள் இழுத்து வால்வை அடைக்கும் 'பம்ப் டவுன்' வேலையைச் செய்யாமல் நட்டைத் திருகினால் அவ்வளவும் காற்றில் போய்விடும், புதிய வீட்டில் முழுதாக நிரப்பவேண்டும். முன்பக்கக் கதவு உள்ள வாஷிங் மெஷினின் டிரம்மைப் பூட்டும் போல்ட்டுகள் வாங்கியபோதே கூட வந்தவை. அவை தொலைந்திருந்தால் தயாரிப்பாளரிடம் முன்கூட்டியே வாங்கிவையுங்கள், பூட்டாமல் ஏற்றினால் சஸ்பென்ஷன் போய்விடும். ஃபிரிட்ஜை முந்தின நாளே நிறுத்தி, பனி உருகித் துடைத்து, நிமிர்த்தியே ஏற்றவேண்டும்.

காப்பீடு என்று பேக்கர்ஸ் சொல்வது பல நேரம் அவர்களுடைய வரம்புக்குட்பட்ட பொறுப்பு மட்டும்தான். உடைந்த பொருளுக்குக் கிலோ கணக்கில் இழப்பீடு என்றால் டிவிக்குக் கிடைப்பது சிரிப்பாக இருக்கும். புதிதாக வாங்கும் விலைக்குத் தனிப் பாலிசி எடுங்கள். நீங்களே கட்டிய பெட்டிக்குள் உடைந்ததை அந்தப் பாலிசிகளும் பெரும்பாலும் ஏற்பதில்லை, ஆகவே கண்ணாடிச் சாமான்களை அவர்களே கட்டட்டும், துணிமணிகளை நீங்கள் கட்டிக் காசை மிச்சப்படுத்தலாம். இறக்கும்போது பட்டியலில் "சரியாகப் பெற்றேன்" என்று மட்டும் கையெழுத்துப் போடாமல் "பிரித்துப் பார்க்கவில்லை" என்று சேர்த்து எழுதுங்கள்.

கோடவுன் கடைசி வழி. இரண்டு முறை ஏற்றி இறக்கினால் உடைவதும் இரட்டிப்பு. கட்டாயம் என்றால் தரையில் பலகை போட்டு, சுவரிலிருந்து விரற்கடை அல்ல, ஒரு கைப்பிடி இடம் விட்டு அடுக்கச் சொல்லுங்கள். ஃபிரிட்ஜ் கதவு திறந்தே இருக்கட்டும், இல்லையென்றால் உள்ளே பூஞ்சை பிடிக்கும்.

முதலில் குடிபோய்விட்டுப் பழைய வீட்டைப் பூட்டிவைத்து விற்கிறவர்கள் காப்பீட்டு நிறுவனத்துக்கு உடனே தெரிவிக்கவேண்டும். வீடு தொடர்ந்து 30 அல்லது 60 நாள் காலியாக இருந்தால் நீர்க்கசிவு, திருட்டு ஆகியவற்றுக்கான பாதுகாப்பைப் பல பாலிசிகள் நிறுத்திவிடுகின்றன. காலி வீட்டுக்கான கூடுதல் பிரீமியத்தைக் கேட்டு வாங்கி, பிரதான தண்ணீர் வால்வை மூடி, வாரம் ஒருமுறை பார்த்த தேதியைப் படத்தோடு குறித்துவையுங்கள். இழப்பீடு கோரும்போது அதைத்தான் முதலில் கேட்பார்கள்.