காகித லிபரேட்டர்: சில மழைக்காலங்களுக்குப் பிறகு

காகிதத்தில் செய்த விமானம் ரெண்டு மழையைத் தாண்டாது, பிளாஸ்டிக் கிட் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்பவர்கள் நிறையப் பேர். என்னுடைய பி-24 லிபரேட்டர், அதாவது இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்கக் குண்டுவீச்சு விமானத்தின் காகித மாடல், பெங்களூர் முருகேஷ்பாளையத்தில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில், வராண்டாவை ஒட்டிய அறையில், பல மழைக்காலங்களைப் பார்த்தாகிவிட்டது. கட்டி முடித்த அன்று எடுத்த படத்தில் எந்த மாடலும் அழகாகத்தான் இருக்கும். நாள்பட்ட பிறகு அது என்ன ஆகிறது என்பதைத்தான் யாரும் எழுதுவதில்லை. அதற்காகவே இந்தப் பதிவு. நான் கண்டது இதுதான்: காகிதம் தாராளமாகத் தாங்குகிறது. கவனித்துத் தேர்ந்தெடுக்க வேண்டியவை பசையும் மையும்.

பெங்களூரில் இருக்கும் ஒருவர் போர்க்காலக் குண்டுவீச்சு விமானம் ஒன்றைக் கட்டுவது என்றால் லங்காஸ்டரையோ பி-17ஐயோ விட லிபரேட்டரைத்தான் சொல்வேன். போர் முடிந்தபோது பிரிட்டிஷ் விமானப்படையின் லிபரேட்டர்கள் கான்பூரின் சகேரி தளத்தில் வரிசையாகக் கைவிடப்பட்டுக் கிடந்தன. அமெரிக்கா கடன்-குத்தகை ஏற்பாட்டில் கொடுத்தவை அவை. போருக்குப் பின் திருப்பித் தர வேண்டும், இல்லையென்றால் ஒழித்துக்கட்ட வேண்டும். அதனால் இனி யாரும் பறக்கவிட முடியாதபடி அவற்றைச் சேதப்படுத்திவிட்டுப் போனார்கள். 1940இல் தொடங்கிய எச்ஏஎல், நம் பெங்களூர் விமானத் தொழிற்சாலை, போர்க்காலத்தில் அமெரிக்க விமானங்களுக்கான பழுதுபார்ப்புத் தளமாக இருந்து கை பழகிய இடம். அந்தக் குவியலிலிருந்து சுமார் 40 விமானங்களை அவர்கள் தேற்றினார்கள். பறக்கும் அளவுக்கு மட்டும் கான்பூரிலேயே சரிசெய்து, பெங்களூருக்கு ஓட்டி வந்தவர் சோதனை விமானி ஜம்ஷெத் முன்ஷி. முழுப் புதுப்பிப்பு இங்கே நடந்தது. 1948 நவம்பரில் இந்திய விமானப்படையின் 5ஆம் ஸ்குவாட்ரன் இந்த விமானங்களோடு உருவானது. கடைசி லிபரேட்டர்கள் ஓய்வு பெற்றது 1968இல். உலகத்தில் வேறெந்தப் படையும் அதுவரை இவற்றை வைத்திருக்கவில்லை. பிரிட்டனின் ராயல் விமானப்படை அருங்காட்சியகத்தில் இன்று நிற்கும் லிபரேட்டர்கூட இந்தியாவிலிருந்து போனதுதான். பழைய ஏர்போர்ட் ரோட்டில் தினமும் பஸ்ஸில் போகிற நமக்கு இது பக்கத்து வீட்டுக் கதை மாதிரி தெரிந்திருக்க வேண்டும். என்னோடு வேலை பார்ப்பவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

காகித விமானங்களுக்கு வழக்கமான அளவு 1:33, அதாவது நிஜத்தில் 33இல் ஒரு பங்கு. போலந்து, செக் நாட்டுக்காரர்கள் பல பத்தாண்டுகளாக அந்த அளவில்தான் வெளியிடுகிறார்கள். லிபரேட்டரின் இறக்கை நிஜத்தில் முனைக்கு முனை 33.5 மீட்டர். 1:33இல் கட்டினால் ஒரு மீட்டருக்கு மேல் வரும். வாடகை வீட்டில் அதற்கு இடம் இல்லை. அதனால் கணினிக் கோப்பாக வாங்கி 1:50க்குச் சுருக்கி அச்சடித்தேன். இறக்கை 67 சென்டிமீட்டர், நீளம் 41. சுருக்கும்போது படம் சுருங்கும், அட்டையின் தடிமன் தானாகச் சுருங்காது. உள்ளே வரும் குறுக்குச் சட்டங்களுக்கு ஒரு மில்லிமீட்டர் அட்டை போடச் சொல்லியிருந்தால் நீங்கள் 0.7க்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் காடிகளில் சட்டம் இறங்காது. வெளித்தோலுக்கும் 160 ஜிஎஸ்எம் (தாளின் ஒரு சதுர மீட்டர் எத்தனை கிராம் என்ற கணக்கு) என்று இருந்ததை 120 ஆக்கிக்கொண்டேன். அவென்யூ ரோட்டுக் காகிதக் கடைகளில் ஜிஎஸ்எம் சொல்லிக் கேட்டால் ஒற்றைத் தாளாகக்கூடக் கொடுப்பார்கள். தடவிப் பார்த்து வாங்குங்கள். சொரசொரப்பான தாளில் ரிவெட் கோடுகள் கசிந்து தெரியும்.

அச்சு விஷயத்தில் வேண்டுமென்றே இரண்டு வழியையும் சோதித்தேன். உடற்பகுதியை ஒரு டிஜிட்டல் பிரின்ட் கடையில் லேசரில் எடுத்தேன், இறக்கைகளையும் வாலையும் நண்பர் வீட்டுப் பிக்மென்ட் மை (நிறப்பொடி கலந்த மை) இங்க்ஜெட்டில் எடுத்தேன். இன்று இரண்டையும் அருகருகே பார்க்க முடிகிறது. லேசர் நிறம் மங்கவே இல்லை. ஆனால் டோனர் தாளின் மேலே படிகிற பொடி, அதனால் மடிக்கிற இடத்தில் வெடித்து வெள்ளைக் கோடு விடுகிறது. குண்டு அறைக் கதவுகளின் ஓரத்தில் அந்தக் கோடுகளை வாட்டர் கலர் பென்சிலால் அடைத்தும் கூர்ந்து பார்த்தால் தெரிகிறது. பிக்மென்ட் மை மடிப்பில் வெடிக்கவில்லை, நிறமும் அநேகமாக அப்படியே இருக்கிறது. சாதாரண டை மையில் (கரைந்த சாய மை) எடுத்த ஒரு சோதனைத் தாளை ஜன்னல் பக்கம் விட்டிருந்தேன். அதில் சாம்பல் நிறம் இளஞ்சிவப்பாகிப்போனது. ஆகவே வளைவும் மடிப்பும் உள்ள பாகங்களுக்குப் பிக்மென்ட் மை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கோப்பு அமெரிக்க ஆலிவ் பச்சையில் இருந்தது. நான் அதை இந்தியப் படையின் வெற்று உலோக நிறத்துக்கு மாற்றினேன். தட்டையான ஒரே சாம்பல் போட்டால் விமானம் செத்த மாதிரி இருக்கும். ஒவ்வொரு தகட்டுக்கும் சாம்பலை ஒரு நூல் கூட்டியும் குறைத்தும், இரண்டொன்றில் லேசாக நீலம் கலந்தும் விட்டால் அலுமினியம் என்று கண் நம்புகிறது. வெட்டுவதற்கு முன்பே தாள்களின் மேல் செமி-கிளாஸ் வார்னிஷ் ஸ்ப்ரே. காய்ந்த வெயில் நாளில் மட்டும் அடியுங்கள். மழை ஈரத்தில் அடித்தால் வெள்ளையாகப் பூத்துவிடும்.

கட்டுமானத்துக்கு வருகிறேன். லிபரேட்டரின் குண்டு அறை நடுவே 9 அங்குல அகலத்தில் ஒரு நடைபலகை போகும். குண்டுகளுக்கு நடுவில் வீரர்கள் அதன் மேல்தான் ஒருக்களித்து நடப்பார்கள். விமானத்தின் அடிமுதுகெலும்பும் அதுவே. 1:50இல் அது நாலரை மில்லிமீட்டர். கோப்பில் அதை ஒற்றைத் தாளாக, வெறும் அலங்காரமாக வைத்திருந்தார்கள். நான் மூன்று அடுக்கு அட்டையாக ஒட்டி நிஜ விமானத்தைப் போலவே பாரம் தாங்க வைத்தேன். உடல் இன்றுவரை துளியும் முறுக்கவில்லை. இந்த விமானத்தின் கதவுகள் வெளிப்பக்கம் திறப்பவை அல்ல, கடை ஷட்டர் மாதிரி பக்கவாட்டில் சுருண்டு மேலே ஏறுபவை. காகிதத்துக்கு இதைவிடத் தோதான கதவு கிடையாது. மை தீர்ந்த ரீஃபிலால் நெருக்கமாகக் கோடு இழுத்து உட்பக்கம் வளைத்தால் போதும், அச்சு அசலாக வந்துவிடுகிறது.

நேரம் மொத்தமும் கேட்பது இன்ஜின்கள். நான்கு பிராட் அண்ட் விட்னி ஆர்-1830, ஒவ்வொன்றிலும் இரண்டு வரிசையாக 14 சிலிண்டர்கள். ஆக 56 சின்னஞ்சிறு உருளைகள், ஒவ்வொன்றிலும் தையல் நூலைச் சுற்றிக் குளிர்விப்புத் தகடுகள். ஆனால் கை நடுங்க வைப்பது சிலிண்டர் இல்லை, அதன் மேல் வரும் கூடு. மற்ற விமானங்களில் அது வட்டம். லிபரேட்டரில் இரண்டு பக்கமும் காற்றுக் குழாய்கள் சேர்வதால் நீள்வட்டம். முன்விளிம்பு பன்னிரண்டு சிறு இதழ்களாக வெட்டப்பட்டிருக்கும், மொத்தமே மூன்று சென்டிமீட்டர்கூட இல்லை. முதலில் எல்லா இதழின் வெட்டு விளிம்பிலும் சாம்பல் பென்சிலை ஓட்டுங்கள். அப்புறம் உள்ளங்கையில் கவிழ்த்து, உருண்டை முனையுள்ள குச்சியால் ஒவ்வொரு இதழையும் உள்ளிருந்து தேய்த்துக் குழியுங்கள். எதிரெதிர் இதழ்களாக ஒட்டிக்கொண்டே வாருங்கள், பக்கத்துப் பக்கத்தில் ஒட்டினால் வளையம் முறுக்கிக்கொள்ளும். பல்குச்சி நுனியில் பசை, ஒரு இணைப்பு, கொஞ்சம் பொறுத்து அடுத்தது. நான்காவது கூடு முதல் கூட்டைவிடத் தெளிவாக வரும், அதனால் முதலில் செய்ததை உட்பக்க இன்ஜினுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கீழ் வீட்டுப் பெரியவர் எச்ஏஎல்லில் தகடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து அதே ஃபேக்டரியில் சேர்ந்தவர். இறக்கையைத் தோல் மூடுவதற்கு முன் அவரிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கிட்டத்தில் பார்த்தார். “தம்பி, இவ்ளோ ஒல்லியா நீளமா இருக்கே, நடுவுல இரும்பு எதாவது குடுங்க. அட்டை இன்னைக்கு நிக்கும், அடுத்த வருசம் தொங்கும்” என்றார். “கார்பன் கம்பி வாங்கலாம்னு இருக்கேன் சார்” என்றேன். “எதுக்கு? சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி போதும்” என்றார். டேவிஸ் இறக்கை என்று பெயர் பெற்ற அந்த ஒல்லி அமைப்புதான் லிபரேட்டருக்குத் தூரமும் வேகமும் கொடுத்தது. மாடலில் தொல்லை கொடுப்பதும் அதே ஒல்லிதான். இரண்டு ஸ்போக்ஸ் கம்பிகள் உடலின் நடுவில் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, இரு பக்கமும் உட்பக்க இன்ஜினைத் தாண்டிப் போகின்றன. பெரியவர் சொன்ன அடுத்த வருசம் எப்போதோ கடந்துபோனது, இறக்கை முனைகள் இரண்டும் இன்னும் ஒரே உயரத்தில் நிற்கின்றன.

இன்னொரு பாரமும் தேவை. மூக்கின் கீழ் சக்கரம் உள்ள விமானம் இது. எடை பின்னால் கூடினால் வால் தரையில் உட்கார்ந்துவிடும். ஜேசி ரோட்டில் வாங்கிய பால்ரஸ் குண்டுகளைப் பசையில் குழைத்து, முன் சக்கர அறைக்கு முன்னால் திணித்தேன். மூக்கு டரட்டை (சுழலும் துப்பாக்கிக் கூண்டு) ஒட்டுவதற்கு முன்பே, உடலை இரண்டு பென்சில்களின் மேல் வைத்து எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு திறக்க வழியில்லை. அந்த எடையையும் சேர்த்துத் தாங்க வேண்டும் என்பதால் சக்கரக் கால்களுக்கு உள்ளே குண்டூசிக் கம்பி கட்டாயம்.

இப்போது மூப்பின் கணக்கு. ஃபெவிகாலால் ஒட்டிய எந்த இணைப்பும் விடவில்லை. அதில் தண்ணீர் இருப்பதால் பெரிய பரப்பில் தடவினால் தாள் நெளியும், விளிம்புகளுக்கு மட்டும் மெல்லிசாகப் போட வேண்டும். பெரிய பரப்புகளுக்கு ரப்பர் சொல்யூஷன் வகைப் பசை நெளியாமல் ஒட்டியது. ஆனால் அதுதான் முதலில் வயதானது. இறக்கையின் பின்விளிம்பில் இரண்டு இடத்தில் மஞ்சளாகக் கசிந்து வெளியே தெரிகிறது. மலிவான பசைக் குச்சியால் ஒட்டிய உள் அட்டைகள் ஒரு மழைக்காலத்திலேயே விட்டுவிட்டன, அவற்றை மறுபடி ஒட்ட வேண்டி வந்தது. உடனடிப் பசையைக் காகிதத்தில் உறிஞ்சவிட்ட இடங்கள் கண்ணாடி மாதிரி இறுகி, இன்றும் கல்லாக இருக்கின்றன. ப்ரொபெல்லர் அலகுகளுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. ஓஎச்பி ஷீட்டில், அதாவது கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளில், செய்த ஜன்னல்கள் தெளிவாக இருக்கின்றன. டரட் கூண்டுகளின் மெல்லிய சட்டங்கள் மட்டும் ஓரிரண்டு இடத்தில் எழும்பியிருக்கின்றன.

பெங்களூர் ஈரத்தைவிட பெங்களூர் தூசிதான் பெரிய எதிரி. தெருவில் எப்போதும் ஏதாவது ஒரு கட்டடம் ஏறிக்கொண்டே இருக்கிறது. கண்ணாடிப் பெட்டி இல்லாமல் வைக்கவே வைக்காதீர்கள். பெட்டிக்குள் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, மழைக்கு முன் ஒரு தடவை வெயிலில் காயவைத்து மறுபடி வைக்கிறேன். சென்னையில் இருக்கும் என் தம்பி இதே கோப்பை ஆரம்பித்திருக்கிறான். அவனுக்கு இரண்டு பொட்டலம் போடச் சொல்லியிருக்கிறேன், கடல் காற்று வேறு. சில்வர்ஃபிஷ் என்கிற சின்னப் பூச்சிக்கு மாவுப் பசை பிடிக்கும் என்பதால் மைதாப் பசையை உள் சட்டங்களுக்குக்கூட நான் பயன்படுத்தவில்லை.

செலவு, பெட்டியை விட்டுவிட்டால், ₹1500க்குள் அடங்கிவிட்டது. நேரத்துக்குத்தான் விலை. முதல் மாடலாக இதை எடுக்காதீர்கள். ஒற்றை இன்ஜின் விமானம் ஒன்றைக் கட்டி, உருட்டவும் விளிம்புக்கு நிறம் பூசவும் கை பழகிய பிறகு வாருங்கள். வந்தால் இந்திய நிறத்திலேயே கட்டுங்கள். நடுவில் காவி, அப்புறம் வெள்ளை, வெளியே பச்சை வளையத்தோடு வெள்ளி உடல் நிற்கும்போது பார்க்கிறவர்கள் தவறாமல் கேட்கிறார்கள், நம்மிடம் இப்படி ஒன்று இருந்ததா என்று. கான்பூர் கதையைச் சொல்ல எனக்கு அலுப்பதே இல்லை.

பெட்டியைத் திறந்து தூசி தட்டும்போது மெல்லிய பிரஷ்ஷை மூக்கிலிருந்து வால் பக்கமாகவே ஓட்டுங்கள். தோல் துண்டுகள் எல்லாம் பின்துண்டின் மேல் முன்துண்டு ஏறியபடி ஒட்டப்பட்டவை, எதிர்த்திசையில் இழுத்தால் விளிம்பு தூக்கும். முதுகிலிருந்து வால்களுக்குப் போகும் ஆன்டெனா நூல்களுக்குக் கிட்டே மட்டும் பிரஷ் வேண்டாம், வாயால் ஊதினாலே போதும்.