ஓமி பழகிய கைக்கு எந்தப் போக்கர் ஆட்டம் பொருந்தும்?

தலவாக்கலைப் பக்கம் ஆனி, ஆடி மழை பிடித்துக்கொண்டால் லயத்து வாசலைத் தாண்ட முடியாது. கரண்டும் போய்விட்டால் எங்கள் வீட்டில் சீட்டுக்கட்டுதான் கதி. வழக்கமாக ஓமி. மச்சான் ஒருத்தர் போனில் பார்த்துப் பழகிக்கொண்டு வந்து போக்கர் சொல்லிக்கொடுத்ததிலிருந்து இரண்டும் மாறி மாறி நடக்கின்றன. காசு கிடையாது. ஆளுக்கு இரண்டு பெட்டி நெருப்புக்குச்சி.

ஓமிக்கு 2 முதல் 6 வரையுள்ள சீட்டுகளை ஒதுக்கிவிடுவோம். ஒதுக்கியதில் கிளாவர் 3 எங்கேயோ தொலைந்துபோனது. போக்கருக்கு 52 சீட்டும் வேண்டுமே. பிஸ்கட் பெட்டி அட்டையை வெட்டி, பேனாவால் எழுதிச் சேர்த்தோம். அது யார் கைக்குப் போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். சரி, அதைப் பிறகு பார்ப்போம்.

நாங்கள் ஆடுவது டெக்ஸாஸ் ஹோல்டம். ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாக வரும். நடுவில் முதலில் மூன்று, பிறகு ஒன்று, கடைசியாக ஒன்று திறப்பார்கள். ஏழில் சிறந்த ஐந்துதான் உங்கள் கை. ஒவ்வொரு கட்டத்திலும் கையைப் போட்டுவிடலாம், அதாவது ஃபோல்ட். எதிராளி வைத்த அளவே வைத்துத் தொடரலாம், அது கால். கூட்டியும் வைக்கலாம், அது ரெய்ஸ்.

ஓமிக்காரர் தடுமாறுவது ஃபோல்டில்தான். ஓமியில் கைக்கு வந்த 8 சீட்டையும் ஆடியே தீர வேண்டும். கை மோசம் என்று எழும்பிப் போக முடியாது, எதிரே உட்கார்ந்திருக்கும் கூட்டாளி எப்படியாவது காப்பாற்றுவார் என்ற நம்பிக்கையும் உண்டு. போக்கரில் கூட்டாளி கிடையாது. ஆனால் கையைப் போடும் உரிமை இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் அந்த உரிமையைப் பயன்படுத்துவதே இல்லை.

அத்தை அப்படித்தான். எந்தக் கை வந்தாலும் கால் பண்ணுவார். கொழுந்து எடுக்கும்போது முத்தல் இலையைத் தொடாத அதே விரல்கள், சீட்டில் அகப்பட்டதையெல்லாம் அள்ளுகின்றன. இந்த ஆட்டம் கலகலப்பானது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் ஜோடியில்லாத இரண்டு சீட்டோடு போனால், முதல் மூன்று சீட்டு திறக்கும்போது அதில் ஒன்றாவது ஜோடி சேர்வது மூன்று தடவைக்கு ஒரு தடவைதான். சேர்ந்தாலும் நிம்மதி இல்லை. ராஜாவும் 4ம் வைத்திருக்கிறீர்கள், நடுவில் ராஜா விழுகிறது, எதிரே ராஜாவும் ஜாக்கியும் வைத்திருப்பவர் இருந்தால் பக்கச் சீட்டில் தோற்றுப்போவீர்கள்.

சித்தப்பா நேரெதிர். கொழும்பில் கடை வேலைக்கு இருந்தபோது 304 என்ற சீட்டாட்டம் பழகியவர், இன்றைக்கும் ஜாக்கியைக் கண்டால் முகம் மலரும். 304இல் ஜாக்கிக்கு 30 புள்ளி, அதற்கு மேல் சீட்டு இல்லை. போக்கரில் ஏஸ், ராஜா, ராணிக்கு அடுத்ததுதான் அது. அதை விட்டால் பொறுமைசாலி. நல்ல கைக்காகக் காத்திருப்பார். குறை என்னவென்றால், நல்ல கை வந்தபிறகும் சும்மா கால்தான் பண்ணுவார். ஏஸ் ஜோடி வருவது 221 கைக்கு ஒரு தடவை. எதிரே ஒருத்தர் மட்டும், கையில் ஏதோ இரண்டு சீட்டோடு இருந்தால் அது ஏறக்குறைய 85 வீதம் வெல்லும். எதிரே ஐந்து பேர் கடைசிவரை வந்தால் 49 வீதத்துக்கு இறங்கிவிடும். ரெய்ஸ் பண்ணாமல் அத்தனை பேரையும் மலிவாக உள்ளே விடுவது, காத்திருந்து கிடைத்ததைப் பங்கு போட்டுக் கொடுப்பது மாதிரி.

மூன்றாவது, காத்திருந்து, வந்ததும் கூட்டி வைப்பது. ஆரம்பக்காரருக்கு நான் சொல்வது இதைத்தான். 7 ஜோடியும் அதற்கு மேலும், ஏஸோடு ராஜா, ராணி அல்லது ஜாக்கி, அப்புறம் ராஜா-ராணி. இவ்வளவு போதும். இரண்டு சீட்டுக் கைகள் மொத்தம் 1326 வகையில் அமையலாம். இந்தப் பட்டியலில் வருவது 112. அதாவது ஏறக்குறைய 12 கைக்கு ஒன்று. மற்ற நேரத்தில் தேத்தண்ணி குடிக்கலாம். வந்தால் பெரிய பிளைண்டைப் போல், அதாவது சீட்டைப் பார்க்கும் முன்பே ஒருத்தர் கட்டாயமாக வைக்கும் தொகையைப் போல், மூன்று மடங்கு வையுங்கள், முன்னால் கால் பண்ணியவர் ஒவ்வொருவருக்கும் இன்னொரு மடங்கு. எங்கள் வீட்டில் பெரிய பிளைண்ட் 2 குச்சி, ஆகவே 6இல் தொடங்கும். கடைசியாகப் பேசும் இடத்தில் இருந்தால் பட்டியலைக் கொஞ்சம் தளர்த்தலாம், மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்த பிறகுதானே உங்கள் முறை.

கையில் இரண்டு ஆட்டின், நடுவில் இரண்டு ஆட்டின் என்றால் இன்னொன்று விழுந்தாலே ஃப்ளஷ், அதாவது ஐந்தும் ஒரே இனம். இங்கேதான் அதிகக் குச்சி கரைகிறது. நீங்கள் பார்க்காத 47 சீட்டில் ஆட்டின் 9, அடுத்த சீட்டிலேயே வருவது 19 வீதம். நடுவில் 60 குச்சி கிடக்க எதிராளி 20 வைத்தால், நீங்களும் 20 வைத்து மொத்தம் 100க்குப் போகிறீர்கள். தேவை 20 வீதம். ஏறக்குறைய சமம், விழுந்தபிறகு இன்னும் கொஞ்சம் கறக்கலாம், போகலாம். அவரே 60 வைத்தால் தேவை 33 வீதம். கை அதேதான், விலைதான் வேறு. போட்டுவிடுங்கள். அத்தைக்கு இரண்டும் ஒன்றுதான்.

பிளஃப், அதாவது வெறுங்கையோடு மிரட்டுவது, படங்களில் பார்க்க அழகு. 60 குச்சிக்கு 30 வைத்து மிரட்டினால் மூன்றுக்கு ஒரு தடவையாவது எதிராளி போட்டுவிட வேண்டும், அப்போதுதான் நட்டமில்லை. அத்தை போடமாட்டார். போடத் தெரியாதவரை மிரட்டி என்ன பயன்? எங்கள் மாதிரி வீட்டு ஆட்டத்தில் நல்ல கையை வைத்துக்கொண்டு தைரியமாகக் கூட்டி வைப்பதே லாபம். பயந்து போடுகிறவர்கள் நிறைந்த மேசையானால் கணக்கு மாறும்.

மிச்சம் இருப்பது மச்சானின் ஆட்டம். எல்லாக் கைக்கும் போவார், எல்லாவற்றுக்கும் ரெய்ஸ் பண்ணுவார். அனுபவம் உள்ளவரிடம் இது பயங்கரமான ஆயுதம், புதியவரிடம் குச்சிப் பெட்டியைக் காலி செய்யும் வழி. இப்படிப்பட்டவரிடம் மட்டும் நல்ல கையோடு சும்மா கால் பண்ணிக்கொண்டே போகலாம், அவரே உங்களுக்காகக் கூட்டி வைப்பார். போன கிழமை நான் அதைத்தான் செய்தேன். என்னிடம் ஏஸ் ஜோடி. அவர் கையில் பிஸ்கட் அட்டை 3 இருந்தது எனக்குத் தெரியும், நடுவில் 3 எதுவும் இல்லை. நாலாவது சீட்டு திறந்ததும் மிச்சக் குச்சியையெல்லாம் தள்ளினார், நானும் தள்ளினேன். அவரிடம் 3ம் 8ம், நடுவில் ஒரு 8. மிச்சமிருந்த 44 சீட்டில் அவரைக் காப்பாற்றக்கூடியவை ஐந்தே ஐந்து, இரண்டு 8, மூன்று 3. கடைசியில் இஸ்பேட் 3 விழுந்தது. அத்தை சிரித்த சிரிப்பு அடுத்த லயம் வரை கேட்டிருக்கும். அடுத்த முறையும் அப்படியேதான் கால் பண்ணுவேன்.