தனுஷ்கோடியா, குமரியா? நாள் முழுக்க ஓட்டிப் போய் எங்கே இறங்குவது

சென்னையிலிருந்து கார் எடுத்துத் தெற்கே கடலைப் பார்க்கக் கிளம்பினால் கடைசியில் இரண்டே பெயரில்தான் வந்து நிற்கும். ஒன்று தனுஷ்கோடி, இன்னொன்று கன்னியாகுமரி. ஒரு வருட இடைவெளியில் இரண்டுக்கும் போய்வந்தோம். அதே பழைய கார், அதே ஆட்கள்: நான், மனைவி, மகள், பின்சீட்டில் முட்டிவலியோடு அப்பா. மறுபடி எங்கே என்று கேட்டால் யோசிக்காமல் குமரிப் பக்கம் என்பேன். ஆனால் குமரி முனைக்காக இல்லை, அதைத் தாண்டி மேற்கே கடலை ஒட்டிப் போகிற சாலைக்காக.

தூரக் கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். ராமேஸ்வரம் சுமார் 560 கிலோமீட்டர், குமரி சுமார் 700. இரண்டுக்கும் திருச்சி வரை ஒரே பாதைதான். விடியற்காலை கிளம்பினால் ராமேஸ்வரத்துக்குச் சாயங்காலம், குமரிக்கு இருட்டிய பிறகு. முழுக்கக் கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே போகலாமே என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பெயரில்தான் கடற்கரை, புதுச்சேரியைத் தாண்டிவிட்டால் கடல் கண்ணில் படுவதே அபூர்வம். வயலும் சவுக்குத் தோப்பும் உப்பளமும்தான் கூட வரும். அதுவும் அழகுதான், ஆனால் ஒரே நாளில் போய்ச் சேர வேண்டும் என்றால் முதுகு தாங்காது.

தனுஷ்கோடியைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். வந்து சேரும் அந்தக் கடைசி நீட்சிக்கு ஈடாகத் தமிழ்நாட்டில் வேறு சாலையே இல்லை. 1988-ல் திறந்த பாம்பன் சாலைப் பாலத்தில் ஏறும்போதே மகள் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டாள், பக்கத்தில் 1914-ன் பழைய ரயில் பாலம். அப்புறம் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து நிலம் முடிகிற அரிச்சல்முனை வரை ஒன்பதரை கிலோமீட்டர். 2017-ல் இந்தச் சாலை வருவதற்கு முன்னால் மணலுக்குள் வேனில் குலுங்கிக்கொண்டுதான் போக வேண்டும். இப்போது இரண்டு பக்கமும் கடல், நடுவில் கறுப்பாக ஒரு கோடு. காற்று அள்ளி வந்த மணல் தார் மேல் விரல் விரலாக நீண்டு கிடக்கிறது, டயர் ஏறும்போது சரசரவென்று சத்தம் கேட்கும். இடது கைப் பக்கம் பாக் நீரிணை குளம் மாதிரி அசையாமல் கிடக்க, வலது கைப் பக்கம் மன்னார் வளைகுடா அடித்துக்கொண்டிருக்கும். அங்கே ஒன்றைப் பெண் கடல், மற்றதை ஆண் கடல் என்கிறார்கள். 1964 டிசம்பர் புயல் அழித்த ஊரின் தேவாலயச் சுவர் இன்னும் நிற்கிறது. அப்பா அதன் முன்னால் ரொம்ப நேரம் பேசாமல் நின்றார். புயல் செய்தியை ரேடியோவில் கேட்ட வயது அவருக்கு.

ஆனால் எனக்கு முடிவைத் தீர்மானித்த விஷயம் அழகு இல்லை. அது முட்டுச்சாலை. இதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும், ஏனென்றால் கிளம்பும்போது யாரும் இதை எங்களுக்குச் சொல்லவில்லை. அரிச்சல்முனையில் அசோகத் தூணைச் சுற்றிக்கொண்டு வந்த வழியே திரும்பித்தான் ஆக வேண்டும், வேறு வழியே கிடையாது. பொங்கல் விடுமுறையில் நாங்கள் போனபோது வந்தவர்கள் எல்லோரும் அந்த ஒற்றை வட்டத்தில் சுற்றிக்கொண்டிருந்தோம். சாலையோரம் நிறுத்த இடம் கிடைப்பதற்குள் முக்கால் மணி நேரம் போனது. நிறுத்தி இறங்கினால் அலையில் கால் வைக்கப் பயம், நீரோட்டம் அப்படி. வெயிலுக்கு ஒதுங்க ஒரு மரம் இல்லை. அப்பா காரைவிட்டு இறங்கி நூறடி நடந்ததோடு சரி. இதற்கு மேல் நேரக் கட்டுப்பாடு வேறு: சாயங்காலம் ஆனதும் போலீஸ் எல்லோரையும் கிளப்பிவிடுகிறார்கள். ராமேஸ்வரத்துக்குள் நுழையவே நாலரை ஆகிவிட்டால் அன்றைக்குத் தனுஷ்கோடி இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் எங்களுக்கு அதுதான் நடந்தது. பன்னிரண்டு மணி நேரம் ஓட்டிப்போய், தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று மணலைப் பார்த்துவிட்டு லாட்ஜுக்குத் திரும்பினோம். மறுநாள் காலை போனோம், பார்த்தோம், படம் எடுத்தோம், திரும்பினோம். கணக்குப் போட்டால் அவ்வளவு தூரம் போனதற்குக் கடலோடு இருந்தது ஒன்றரை மணி நேரம், அதிலும் பாதி காருக்குள்.

குமரியில் இந்தப் பிரச்சினையே இல்லை. அங்கே சாலை முடிவதில்லை, திரும்புகிறது. முனையில் கூட்டம் என்றால் கூட்டம்தான். வள்ளுவர் சிலைக்கும் விவேகானந்தர் பாறைக்கும் நடுவே 2024 கடைசியில் கண்ணாடிப் பாலம் திறந்ததிலிருந்து படகு வரிசையும் நீளம். நாங்கள் அதற்கு ஒரு காலைப் பொழுதைக் கொடுத்துவிட்டு மேற்கே வண்டியைத் திருப்பினோம். அங்கிருந்துதான் பயணமே ஆரம்பித்தது என்று மனைவி இன்றும் சொல்வாள்.

மணக்குடியில் பழையாறு கடலில் கலக்கிற இடத்தில் ஒரு பாலம். 2004 சுனாமி அடித்துக்கொண்டு போன பாலத்துக்குப் பதிலாகக் கட்டியது. ஒரு பக்கம் காயல், தென்னை, தள்ளி உப்பளம், மறுபக்கம் அலை. அதைத் தாண்டினால் சொத்தவிளை, சங்குத்துறை, அப்புறம் முட்டம். இடையில் எத்தனையோ மீனவ ஊர்கள், ஊருக்கு ஒரு வெள்ளைத் தேவாலயம். ஒரு கடற்கரையில் வேன்கள் நின்றால் நிறுத்தாமல் அடுத்ததற்குப் போய்விடலாம், பத்து நிமிஷம்தான். சொத்தவிளையில் நீண்ட மணல், அப்பாவுக்கு உட்கார நிழல் இருந்தது. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு இரண்டு மணி நேரம் அசையவே இல்லை அவர். மணலில் அங்கங்கே கறுப்பும் செம்பழுப்புமாக வரிகள் ஓடும், இல்மனைட், கார்னெட் என்கிற தாதுக்கள் கலந்த மணல். மகள் கையில் அள்ளி வெயிலில் காட்டிக் காட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முட்டம் வேறு மாதிரி. செம்மண் மேடு, கலங்கரை விளக்கம், கீழே பெரிய பெரிய பாறைகளில் அலை மோதி வெடிக்கும். நான் பாறைப் பக்கம் இறங்கப் போனபோது வலை உதறிக்கொண்டிருந்த பெரியவர் தலையைத் தூக்காமலே, "தம்பி, பாறையில பாசி கெடக்கு, பாத்துப் போங்க" என்றார். நான் இறங்கவில்லை. அன்றைக்குச் சூரியன் கடலில் விழுந்து, இருட்டி, கலங்கரை விளக்கம் சுழல ஆரம்பிக்கும் வரை அங்கேயே இருந்தோம். கிளம்புங்கள் என்று யாரும் சொல்லவில்லை.

சரி, என் கட்சியின் ஓட்டைகளையும் சொல்லிவிடுகிறேன். முனையிலிருந்தே சூரியன் கடலில் இறங்குவதைப் பார்க்க வேண்டுமென்றால் அக்டோபர் கடைசியிலிருந்து மார்ச் தொடக்கத்துக்குள் போங்கள், மற்ற மாதங்களில் சூரியன் வடக்கே நகர்ந்து நிலத்துப் பக்கம் மறையும். இரண்டாவது, இந்தக் கடற்கரைகள் பார்க்கத்தான் சாது. காற்றில்லாத நாளிலும் தூரத்துப் புயலின் அலை திடீரென்று ஏறிவரும், கள்ளக்கடல் என்பார்கள். 2024 மே மாதம் கணபதிபுரம் பக்கம் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அது கொண்டுபோயிற்று. எச்சரிக்கை இருக்கிற நாளில் கணுக்கால் அளவுகூட வேண்டாம். தென்மேற்குப் பருவ மழையில் நான் அங்கே போனதில்லை, ஆகவே ஜூன், ஜூலைக்கு என் பேச்சை நம்பிக் கிளம்ப வேண்டாம்.

இன்னொன்று, குமரிக்குப் போகிறவர்கள் முடிந்தால் மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வழியாகத் தூத்துக்குடிக்கு வெட்டி, திருச்செந்தூர், மணப்பாடு, உவரி என்று கடலோரமாக இறங்குங்கள். மணப்பாட்டுக் குன்றின் மேலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் கழிமுகமும் தெரியும். நாங்கள் அங்கே அரை மணி நேரம்தான் நின்றோம், அதனால் அதை வைத்துப் பெரிதாகத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஒரு ராத்திரி தங்கியிருக்கலாம் என்று மட்டும் தோன்றியது.

காருக்கு உப்பு இரண்டு இடத்திலும் எதிரிதான், தனுஷ்கோடியில் கொஞ்சம் கூடுதல். வைப்பர் போட்டால் கண்ணாடி பிசுபிசுவென்று வெள்ளையாக இழுபடும், தண்ணீர் விட்டுத் துடைக்காமல் வைப்பர் போடாதீர்கள். ஊர் திரும்பியதும் மேலே கழுவுவதைவிட அடிப்பக்கம் தண்ணீர் அடிப்பது முக்கியம். நான் ஒரு வாரம் தள்ளிப்போட்டேன், சைலன்சர் போல்ட் துருப்பிடித்துக் கழலாமல் மெக்கானிக் திட்டினார்.

ராமேஸ்வரத்தில் கோயில் வேண்டுதல் இருக்கிறதா, பேசாமல் அங்கேயே போங்கள். இரண்டு நாள் தங்கி, தனுஷ்கோடிக்கு வார நாளில், சூரியன் ஏறுவதற்கு முன்னால் போய்விடுங்கள். கடலோரத்தில் சும்மா உட்காரத்தான் போகிறீர்கள் என்றால் கூடுதலாக அந்த 140 கிலோமீட்டரை ஓட்டிவிடுங்கள். எங்கள் வீட்டில் வரும் டிசம்பருக்கு மறுபடி முட்டம்தான், இந்த முறை அங்கிருந்து இன்னும் மேற்கே தேங்காப்பட்டணம் வரைக்கும். அப்பா இப்போதே மடக்கு நாற்காலி ஒன்று வாங்கி வைத்துவிட்டார்.