ரப்பர் தோட்டத்துக்குள் ஒரு அயர்லாந்து வீடு

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் தாண்டி, அயர்லாந்தில் நர்ஸாக இருந்து திரும்பிய ஒரு அக்கா அந்த ஊர்ப் பழைய வீடு மாதிரியே கட்டி வாடகைக்கு விடுகிறார், ஒரு நாள் தங்கினோம். சுண்ணாம்படித்த தடிச்சுவர், வேய்ந்த கூரை. எனக்குப் பிடித்தது அரைக்கதவு: கீழ்ப்பாதியைச் சாத்தினால் கோழி உள்ளே வராது, பிள்ளை வெளியே போகாது, மேல்பாதி வழியே வெளிச்சமும் ஊர்க்கதையும் வந்துகொண்டே இருக்கும்.

அங்கே அந்தக் காலத்தில் சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த மண்கட்டியைத்தான் எரிப்பார்களாம், ராத்திரி தணலைச் சாம்பலில் மூடிவைத்துக் காலையில் ஊதிக் கிளப்புவார்களாம், எங்கள் பாட்டி செய்ததேதான். இங்கே ரப்பர் விறகு, புகை கண்ணைக் கரித்தது. சரி, இந்த வெக்கையில் அடுப்புப் பக்கம் யார் உட்காருவது? பகலில் பெஞ்சாக இருந்து இரவில் கட்டிலாக விரியும் பெட்டியில் படுத்து முதுகு போனதுதான் மிச்சம். மரச்சீனிக்கு (மரவள்ளிக்கிழங்கு) பதில் அவித்த உருளைக்கிழங்கும் மோரும், உப்பு கம்மி. 2,500 ரூபாய் கொஞ்சம் அதிகம்.